உன் மனைவியின் தலைவலியைப் பற்றி

மகனே,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பிள்ளை சுமப்பது நீ இல்லையே. போன வெள்ளிக்கிழமை குவைத் ஃபஹாஹீலிலிருந்து நீ போன் செய்து, கிரேஸ் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னபோது, இங்கே ஷார்ஜா முவைலாவில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு சிலுவை போட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாய். "அதே டாக்டர்கிட்டதாம்மா பதிஞ்சிருக்கேன். அவருக்கு நம்ம கேஸு தெரியும்லா." நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடித்தாய். லைன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் அப்போது வாயைத் திறந்திருந்தால் பக்கத்து பிளாட்காரர்கள் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அவருக்கு நம் கேஸ் தெரியும். எப்படித் தெரியாமல் போகும்? அந்தக் கேஸை அந்த நிலைமைக்குக் கொண்டுபோய் நிறுத்தியவரே அவர்தானே. கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீயோ கண்ணைத் திறந்துகொண்டு அவளைத் தள்ளப் பார்க்கிறாய்.

ஆறப்போட்டால் கோபம் தணியும் என்று சில நாள் காத்திருந்தேன். தணியவில்லை. அதற்குள் இங்கே நம் தமிழ்ச் சங்கத்திலிருந்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இந்த மாதத்தோடு லேபர் வார்டில் என் டூட்டி முடிகிறது, விசா கேன்சல் ஆகிறது. இத்தனை வருட வளைகுடா வாழ்க்கையைப் பற்றிச் சந்தோஷமாக இரண்டு பக்கம் எழுதுங்கள் சிஸ்டர் என்றார்கள். சந்தோஷத்தை வேறு யாராவது எழுதட்டும். உனக்கு எழுதும் இதையே கொடுக்கப்போகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. டாக்டரின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும்கூட இல்லை. ஒரு பெயரைப் போட்டால், அது நாம் இல்லை என்று மற்றவர்கள் எல்லாம் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். கிரேஸிடம் மட்டும் கேட்டேன். "என் பெயரைப் போடுங்கள் மம்மி, நான் என்ன தப்பு செய்தேன்?" என்றாள். போட்டுவிட்டேன்.

படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்: என் மருமகள் கென்யாக்காரி. குவைத்தில் நர்சரிப் பள்ளி டீச்சர். வெள்ளிக்கிழமை காலையில் தமிழ்ப் பூசை முடிந்து நம் ஆட்கள் வெளியே வரும்போது, அடுத்த பூசைக்கு ஆப்பிரிக்கர்கள் கோயில் வாசலில் காத்து நிற்பார்கள். அந்த வாசலில்தான் நீ அவளைப் பார்த்தாய். அதன்பிறகு உனக்குப் பூசை முடிந்து வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிடும் என்று உன் அறைத் தோழர்கள் சொல்லிச் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு நான் மறுப்பேதும் சொல்லவில்லை. உனக்கு இவ்வளவு நல்ல புத்தி எங்கிருந்து வந்தது என்றுதான் யோசித்தேன்.

ஊரில் கல்யாணத்தன்று உன் பெரியம்மா என் காதோரம் வந்து, "வளைகுடா பூராத் தேடி, நம்மள விடக் கறுத்த பொண்ணுதான் கெடச்சாளா?" என்றாள். "எங்க வீட்டுல கரண்டு உண்டு, ஆளு தெரியும்" என்றேன். கருவாடு காய்கிற வெயிலில் வளர்ந்தவர்கள் நாம். நம் நிறத்தை வைத்துக்கொண்டு இன்னொருத்தியைக் கறுப்பி என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். ஆனால் அதற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அடுத்து அவள் பாராட்டாக ஒன்று சொன்னாள் பார், அதற்குத்தான் வந்தது. "ஆனா ஒண்ணு, நல்ல ஒடம்புவாகு. இவளுக்குப் பிரசவம்லாம் தும்முத மாதிரி." பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தன்னைப் பற்றி ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

அந்தத் தும்மல் பேச்சை நான் லேபர் வார்டில் வருடக் கணக்கில் கேட்டிருக்கிறேன். ஆப்பிரிக்கப் பெண் என்றால் தாங்குவாள். சூடானா, எத்தியோப்பியாவா, நைஜீரியாவா என்றுகூடக் கேட்கமாட்டார்கள். எல்லாம் ஒரே ஆப்பிரிக்கா. வலியில் கத்தினால் டிராமா. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால், வலி இன்னும் வரவில்லை. கத்தியும் பிரயோசனமில்லை, கத்தாமலும் பிரயோசனமில்லை என்றால் அந்தப் பெண் என்னதான் செய்வாள்? வெள்ளைக்காரி முகத்தைச் சுளித்தால் ஊசியும் டாக்டரும் சேர்ந்தே ஓடிவரும். நம் பெண்கள் நடுவில் எங்கேயோ இருந்தார்கள். அவர்கள் 'அம்மா' என்று கத்தினால் எங்களுக்குப் புரிந்தது, அந்த மட்டும் தப்பித்தார்கள். கறுப்புத் தோலுக்கு வலி குறைவு என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் வார்டில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது.

அல்மாஸைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ ஊரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அவள் உண்மைப் பெயர் வேறு. எத்தியோப்பியாக்காரி, புருஷன் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு காரேஜில் மெக்கானிக். காலையில் நல்லபடியாகப் பிரசவமாகி ஆண் குழந்தை பிறந்திருந்தது. நான் மத்தியான டூட்டிக்குப் போனபோது, காலை டூட்டி நர்ஸ்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே மலையாளத்தில் ரிப்போர்ட் சொன்னார்கள். அங்கே அதுதான் வழக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரிக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, எனக்கும் அதில் சௌகரியம்தான். மூன்றாம் ரூம் ஆப்பிரிக்கா, ஒரு குழப்பமும் இல்லை, காலையிலிருந்து குளிருகிறது குளிருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், ஏசியைக் குறைத்துவிட்டோம் என்றார்கள்.

பிள்ளை பெற்றவள் குளிருகிறது என்று விடாமல் சொன்னால் ஏசியைக் குறைப்பது லாட்ஜ்காரன் செய்கிற வேலை. நான் டீயை வைத்துவிட்டுப் போனேன். அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாங்கள் படித்த படிப்பெல்லாம் வெளுத்த தோலை வைத்து. கறுத்த முகத்தில் இரத்தம் வற்றினால் எப்படி இருக்கும் என்று பார்க்க யாரும் எங்கள் கண்ணைப் பழக்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதமாக இருந்தது. உள்ளங்கையும் அப்படியே. அடிவயிற்றில் கை வைத்தால், கல்லாக இறுகியிருக்கவேண்டிய கர்ப்பப்பை பிசைந்த மாவாகக் கிடந்தது. போர்வைக்குக் கீழே இரத்தம் மெத்தையில் இறங்கியிருந்தது. பிறகு எல்லோரும் ஓடினோம். இருட்டுவதற்குள் அவள் இறந்துபோனாள்.

புருஷன் கிரீஸ் ஒட்டிய டிரெஸ்ஸோடு வந்து நின்றான். அவன் அழவில்லை. இந்தியில் என்னிடம் கேட்டான். "சிஸ்டர், உஸ்னே குச் போலா தா?" அவள் ஏதாவது சொன்னாளா என்று. "போலா" என்றேன். சொன்னாள். "கிஸ்கோ?" யாரிடம்? நான் திரும்பி நர்ஸ்கள் மேசையைப் பார்த்தேன். அங்கே எல்லோரும் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் சண்டைக்காரி. அந்த டீ மேசை ரிப்போர்ட்டை ஒழிக்க ஒன்றன்பின் ஒன்றாக வந்த நர்சிங் சூப்பிரண்டுகளோடு மல்லுக்கு நின்றேன். ஒருத்தி என்னை ஆறு மாதம் வெளிநோயாளிப் பிரிவில் சீட்டுக் கிழிக்க உட்கார வைத்தாள். திரும்பி வந்து மறுபடியும் ஆரம்பித்தேன். இப்போது எங்கள் வார்டில் டூட்டி மாறும்போது ரிப்போர்ட் கட்டில் பக்கத்தில்தான், அந்தப் பெண் காது கேட்க, அவளுக்குப் புரிகிற பாஷையில். எங்களுக்கு அவள் பாஷை தெரியாவிட்டால் தெரிந்த ஆளைப் பிடித்து வரவேண்டும். கிளீனிங் வேலைக்கு வந்த எத்தியோப்பியப் பெண்ணைத் துடைப்பத்தோடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் அவளிடம் கேட்கவேண்டும்: நாங்கள் சொன்னது சரியா, விட்டுப்போனது ஏதாவது உண்டா? கறுத்த பெண் என்றால் இமையையும் உள்ளங்கையையும் பார்க்காமல் யாரும் நகரக் கூடாது. எனக்கு 'ஆப்பிரிக்கன் சிஸ்டர்' என்று பட்டப் பெயர் வைத்தார்கள். நிறத்துக்குப் பொருத்தம்தான் என்றேன். அதன்பிறகு குளிருகிறது என்று சொல்லி எத்தனை பெண்கள் பிழைத்துப் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிழைத்தவர்களைப் பற்றி யார் எழுதுவார்கள்?

லீவில் வரும்போதெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே நான் இதையெல்லாம் சொல்லி, நீ கேட்டிருக்கிறாய். அதனால்தான் உன்மேல் இவ்வளவு ஆத்திரம். தெரியாதவன் செய்திருந்தால் விட்டிருப்பேன்.

ஃபஹாஹீலில் நம் மாவட்டத்து டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. வளைகுடாவில் நம் எல்லோருக்கும் இருக்கிற வியாதி இது. முடி வெட்ட நம்ம ஊர் ஆள் வேண்டும், மளிகைக்கு நம்ம ஊர் ஆள் வேண்டும், பல் பிடுங்கக்கூட நம்ம ஊர் ஆள்தான் வேண்டும். மனைவி எந்த ஊர் என்பது மட்டும் மறந்துபோகும். முதல் பிள்ளைக்கு எட்டாம் மாதம் கிரேஸுக்குத் தலை வலித்தது. கண்ணுக்கு முன்னால் மின்னல் மின்னலாகப் பறந்தது. மேல்வயிறு வலித்தது. விரல் வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. எல்லாவற்றையும் அவள் டாக்டரிடம் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் அவளைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார். கிரேஸின் இங்கிலீஷ் அவருடைய இங்கிலீஷைவிட நல்லது, மகனே. ஆனாலும் நீ மொழிபெயர்த்தாய். "சும்மா தலவலிதான் டாக்டர். மொதப் பிரசவம்லா, பயப்படுதா." அவர் சிரித்தார். "இவங்களுக்கென்ன, பாறை மாதிரி ஒடம்பு. வயல்லயே பெத்துப் போட்டுட்டு மறுபடி வேலைக்குப் போற கூட்டம்." பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, டென்ஷன், தூங்கினால் சரியாகும் என்றார். யூரினில் உப்பு இறங்குகிறதா என்று பார்க்கவில்லை. அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் அந்த வருடம் ஊரில் சாளை மீன் கிடைக்காத கதையைப் பேசினீர்கள், எல்லாம் நீயே பின்னால் என்னிடம் சொன்னதுதான்.

அவள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "என் தலைவலியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், நல்ல டாக்டர் என்று நினைத்தேன் மம்மி" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கத்தான் செய்தாள். என்னால் முடியவில்லை. சாளை மீனைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எனக்கும் அதே வைத்தியம்தான் செய்தாய். போனில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லாருக்கா என்றாய். பிரஷர் எவ்வளவு என்றேன். டாக்டர் பாத்துட்டாரும்மா என்றாய். போனை அவளிடம் கொடு என்றேன். தூங்குதாம்மா என்றாய். அந்த ஒரு தடவை அவள் குரல் என் காதில் விழுந்திருந்தால், மின்னல் என்ற ஒரு வார்த்தை விழுந்திருந்தால், அங்கிருந்தே உன்னை விரட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்திருப்பேன். உனக்கு வாய்த்த அம்மா பிரசவம் பார்க்கிற நர்ஸ். அதை உன் மனைவிக்குப் பயன்படாமல் செய்த சாமர்த்தியம் உன்னுடையது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை நடுவில் அவளுக்கு ஜன்னி கண்டது. கடைசி பெஞ்சிலிருந்து கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? இரும்புச் சாவிக் கொத்தைத் தேடிப் பிடித்து அவள் கையில் திணித்தார்கள். படித்தவர்கள், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்கள். வாசலில் அடுத்த பூசைக்குக் காத்து நின்ற கென்யாப் பெண்கள்தான் உள்ளே ஓடிவந்து, சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு, அவளைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, கூட்டத்தை விலக்கி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நம் ஊர் டாக்டரிடம் போகலாம் என்று நீ வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாயாம். அவர்கள் காதில் வாங்கவில்லை. அவர்களுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தபோது வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருந்தார்கள். என் பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவு இருந்தாள். கிரேஸுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அங்கே இருந்த சூடான்காரப் பெண் டாக்டர் உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: தலைவலி எப்போதிலிருந்து? நீ என்னைப் பார்த்தாய். உனக்குத் தெரியவில்லை. கிரேஸ் கண் விழித்ததும் அந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதே கேள்வியை அவளிடம் கேட்டார். அவள் ஒவ்வொரு நாளையும் சொன்னாள். அவ்வளவு பலவீனத்திலும் எதையும் விடாமல் சொன்னாள். நீ சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்து, இவன் திருந்திவிட்டான் என்று நம்பித்தான் நான் திரும்பிப் போனேன்.

ஆனால் நீ செய்தது என்ன? புகார் எழுதிக் கொடு என்றேன். "வந்த எடத்துல வம்பு எதுக்கும்மா, புள்ளையும் தாயும் நல்லாத்தான இருக்காவ" என்றாய். வந்த இடத்தில் வாயைத் திறக்காதே என்பது வளைகுடாத் தமிழனுக்குப் பதினோராவது கட்டளை. விசாவை நினைத்து நானும் எவ்வளவோ விஷயத்தில் வாயை மூடியிருக்கிறேன், அந்தப் பயம் எனக்குத் தெரியாததில்லை. சரி, புகார் வேண்டாம், போ. ஆனால் அந்த டாக்டர் ஞானஸ்நானத்துக்குக் கேக்கோடு வந்தபோது நீ வாசல்வரை போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாயே, அதற்கு எந்த விசா உன்னைக் கட்டாயப்படுத்தியது? "எல்லாம் கடவுள் சித்தம்" என்று அவர் சொன்னார். நீ தலையாட்டினாய். கடவுள் என்ன, பிரஷர் பார்க்க வேண்டாம் என்றா சொன்னார்?

நீ கெட்டவன் இல்லை. அவளை அடிக்கமாட்டாய், சம்பளத்தை ஒளிக்கமாட்டாய், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாய், எல்லாம் எனக்குத் தெரியும். கெட்டவனாக இருந்தால் அவள் உன்னை நம்பியிருக்கமாட்டாள், தன் வாயாலேயே உரக்கச் சொல்லியிருப்பாள். நல்லவனாக இருந்து, அவள் வலியை வாங்கி, அரைத்துக் கரைத்து, எதிரில் இருப்பவருக்குச் சங்கடமில்லாமல் கொடுத்தாய். அவள் உனக்கு மனைவி. அவள் வலிக்கு நீ ஏஜெண்ட் இல்லை.

ஆகவே கேட்டுக்கொள், மக்கா. இனிமேல் எந்த டாக்டர் அறைக்குள் போனாலும், அவர் உன்னைப் பார்த்துக் கேட்டால், அவளைக் கேளுங்கள் என்று சொல். தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல். அவள் பேச முடியாமல் கிடந்தால் மட்டும் நீ பேசு. அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையில் சொல், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அவளுக்காக மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். டென்ஷன் என்று யாராவது சொன்னால், அதை எந்த டெஸ்டில் கண்டுபிடித்தீர்கள் என்று கேள். பாறை மாதிரி உடம்பு என்று யாராவது சொன்னால், எழுந்து வெளியே வந்துவிடு. முதல் தடவை ஜன்னி கண்டவளுக்கு இரண்டாவது தடவையும் வரலாம். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை, உன்னைவிட நன்றாக அவளுக்கே தெரியும்.

நேற்று அவளே எனக்குப் போன் செய்தாள். நீ டூட்டிக்குப் போயிருந்தாய். அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் சூடான்கார டாக்டரிடமே பெயர் பதிந்துவிட்டாளாம். தோழிகள் கூட்டிக்கொண்டு போனார்களாம். பிரஷர் பார்த்தார்கள், யூரின் பார்த்தார்கள், அவள் பேசி முடிக்கிறவரை டாக்டர் பேனாவைக்கூட எடுக்கவில்லையாம். இந்தத் தடவை அங்கேதான், இதில் மாற்றமில்லை மம்மி என்றாள்.

அவனிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லை. நீங்கள் சொல்லுங்கள்" என்றாள். "தமிழில் சொன்னால்தான் அவருக்குப் புரிகிறது."

சொல்லிவிட்டேன்.

அம்மா